வழி சொல்லும் ஊர்

கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊரின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்காவிட்டால் பரவாயில்லை. ஆபீஸுக்கு லேட்டாகிவிட்டது என்று குறுக்குச் சந்து தேடி செல்போனில் மேப்பைத் திறக்கிறீர்களே, அந்த நீலப் புள்ளியைச் சரியான தெருவில் நிற்க வைப்பதில் இந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவின் ஜி.பி.எஸ். சாட்டிலைட்டுகளைக் கட்டி மேய்க்கிற இடம் இங்கேதான் இருக்கிறது.

ஆபீஸ் வேலையாக டென்வர் போனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலேஜ் நண்பனின் காரில் கிளம்பினோம். தெற்கே நூற்றுப்பத்து கிலோமீட்டர் சொச்சம். கடல் மட்டத்துக்கு மேல் ஆறாயிரம் அடியில் ஊர். மேற்கே பனித்தொப்பி போட்டுக்கொண்டு பைக்ஸ் பீக், 14,115 அடி. நாலு எட்டு வேகமாக நடந்தால் மூச்சு வாங்குகிறது. "வயசாயிடுச்சுடா உனக்கு" என்றான் நண்பன். என்னைவிட மூன்று மாதம் மூத்தவன்!

முதலில் கார்டன் ஆஃப் தி காட்ஸ். செக்கச்செவேலென்று பாறைகள், யாரோ செங்குத்தாக நட்டுவைத்த மாதிரி. பர்ஸை எடுத்தேன். டிக்கெட்டே கிடையாது. 1909-ல் சார்லஸ் பெர்கின்ஸ் என்ற ரயில்வே பெரும்புள்ளியின் பிள்ளைகள் இதை ஊருக்கு எழுதிக் கொடுத்தபோதே, பொதுமக்களுக்கு என்றைக்கும் இலவசம் என்று நிபந்தனை போட்டுவிட்டார்கள். கூடவே இன்னொரு நிபந்தனை, உள்ளே சாராயம் விற்கக் கூடாது. நண்பன் இரண்டாவதற்கு மட்டும் வருத்தப்பட்டான்.

அங்கிருந்து கிழக்கே, 94-ஆம் நெடுஞ்சாலை. மலையெல்லாம் முதுகுப் பக்கம் போய்விட, எதிரே வெறும் புல்வெளி. வேலியோரம் மான் மாதிரி சில பிராணிகள் நம்மை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் மேய்ந்துகொண்டிருந்தன. திடீரென்று தூரத்தில் ராட்சத கோல்ஃப் பந்துகள் போல வெள்ளைக் கூண்டுகள். ஷ்ரீவர் விண்வெளிப் படைத்தளம்.

உள்ளே விடுவார்களா? நம்மை யார் விடப்போகிறார்கள்! சாலையிலிருந்தே தரிசனம்.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் முப்பது சாட்டிலைட்டுகள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும், 'நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், என் கடிகாரத்தில் மணி இவ்வளவு' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நாலு சாட்டிலைட்டின் பேச்சைக் கேட்டால் போதும், உங்கள் போன் கணக்குப் போட்டு இடத்தைச் சொல்லிவிடும். கடிகாரத்தில் ஒரு செகண்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தரையில் முந்நூறு மீட்டர் பிசகும். அந்தக் கடிகாரங்களைத் திருத்தி வைக்கிற வேலைதான் இந்த வேலிக்குள் இராப்பகலாக நடக்கிறது.

"இதுக்கும் காசு கிடையாதுடா" என்றான் நண்பன். "ஒரே ஊர்ல ரெண்டு இலவசம்."

வாஸ்தவம்தான். ஆனால் இரண்டாவது இலவசத்தின் நிபந்தனை வேறு மாதிரி.

1983 செப்டம்பர் 1-ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து சியோல் போன கொரிய விமானம் ஒன்று வழி தவறி சோவியத் எல்லைக்குள் நுழைந்தது. சுட்டு வீழ்த்திவிட்டார்கள். 269 உயிர். அதற்குப் பிறகுதான் அதிபர் ரீகன், ராணுவத்துக்காகத் தயாராகிக்கொண்டிருந்த ஜி.பி.எஸ்.ஸைப் பொதுமக்களும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தார். பெரிய மனசுதான். ஆனால் ராணுவத்துக்கு முதல் பந்தி, மற்றவர்களுக்கு வெளித்திண்ணை. 1990-லிருந்து கடிகாரத்தில் வேண்டுமென்றே ஒரு சின்னப் பொய்யைக் கலந்து அனுப்பினார்கள். பொதுமக்கள் கருவி நூறு மீட்டர் வரை தப்பாகக் காட்டும். எதிரிகள் துல்லியமாகக் குறி வைத்துவிடக் கூடாதே!

அதே வருஷம் வளைகுடா நெருக்கடி வந்தது. அமெரிக்க ராணுவத்திடமே போதுமான ராணுவக் கருவிகள் இல்லை. பாலைவனத்தில் சிப்பாய்கள் கடைச் சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு திண்டாட, அரசாங்கம் அந்தப் பொய்யை நிறுத்திவைத்தது. சண்டை முடிந்ததும் மறுபடி பொய். கடைசியில் 2000-ஆம் வருஷம் மே மாதம்தான் கிளிண்டன் அதற்கு முழுக்குப் போட்டார்.

கார்கில் போர் 1999-ல். இந்தியா கேட்டும் அமெரிக்கா ஜி.பி.எஸ். தகவல் தரவில்லை என்ற கதை நம் பக்கம் ரொம்ப நாளாக உலவுகிறது. அந்தக் கதையை விட்டுவிடுங்கள். பொய் கலந்த சமிக்ஞை அப்போது உலகம் முழுக்க அமலில் இருந்தது, அது கதை இல்லை. சமவெளியில் நூறு மீட்டர் என்றால் பக்கத்துத் தெரு. மலை முகட்டில் நூறு மீட்டர் என்றால் அந்தப் பக்கத்துச் சரிவு!

"இப்ப நெனச்சா ஆஃப் பண்ணிடுவானா?" என்று கேட்டேன்.

"பண்ணுவான். ஆனா பண்ண முடியாது" என்றான் நண்பன், வக்கீல் மாதிரி.

அவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 2001 செப்டம்பர் 11-ல் அமெரிக்க வானத்தில் இருந்த பயணிகள் விமானங்களையெல்லாம் தரையிறக்கினார்கள். ஆனால் பழைய பொய்க் கடிகாரத்தைத் திரும்பக் கொண்டுவரும் எண்ணம் இல்லை என்று அதே மாதம் அறிவித்தார்கள். 2004 டிசம்பரில் புஷ், தேசிய நெருக்கடியில் தேவைப்பட்டால் ஜி.பி.எஸ்.ஸைத் தற்காலிகமாக நிறுத்தத் திட்டம் வைத்திருக்கச் சொன்னார். 2007-லோ, இனி வாங்கும் புதுத் தலைமுறை சாட்டிலைட்டுகளில் அந்தப் பொய் சொல்லும் வசதியே வேண்டாம் என்று முடிவு. காரணம், செல்போன் கோபுரம், பாங்கு, மின்சாரம் என்று எல்லாரும் இந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் மணி வைக்கிறார்கள். 2016 ஜனவரியில் பழைய சாட்டிலைட் ஒன்றுக்கு ஓய்வு கொடுத்தபோது, ஒரு செகண்டின் பத்து லட்சத்தில் பதின்மூன்று பங்கு பிசகிவிட்டது. அதற்கே பல நாடுகளில் தொலைத்தொடர்புக் கருவிகள் அபாயமணி அடித்தன. மொத்தமாக நிறுத்தினால் எதிரிக்கு முன்னால் சொந்த ஊர் ஆம்புலன்ஸ் நின்றுவிடும்.

ஆகவே அரசாங்கங்கள் வேறு உத்தி பிடித்தன. மேலே நிறுத்தாமல், கீழே வட்டார அளவில் குழப்புவது. குண்டு பல்பு எரிகிற அளவு சக்தியில் அத்தனை உயரத்திலிருந்து வருகிற குரலை அமுக்க, தரையில் ஒரு கத்தல் போதும். 2024 ஏப்ரலில் டெல் அவிவ்வில் நின்றவர்களின் போன், 'நீங்கள் பெய்ரூட்டில் இருக்கிறீர்கள்' என்றது. ஏவுகணைக்குப் பயந்து இஸ்ரேல் ராணுவமே செய்த குழப்பம். அதே மாதக் கடைசியில், ஜி.பி.எஸ். தொந்தரவால் ஃபின்லாந்தின் ஃபின்ஏர், எஸ்டோனியாவின் டார்ட்டு நகருக்கு விமானம் விடுவதை ஒரு மாதம் நிறுத்தியது. வழி தவறிய விமானத்துக்காகத் திறந்துவிட்ட கதவு, இப்போது விமானங்களையே திருப்பி அனுப்புகிறது!

வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வீட்டுக்காரர் தங்கமானவர்தான், வாடகைகூட வேண்டாம் என்கிறார். ஆனால் மெயின் ஸ்விட்ச் அவர் வீட்டுக்குள் இருக்கிறது. அதனால்தான் ரஷ்யா, சீனா, ஐரோப்பா எல்லாம் தனித்தனியாக வீடு கட்டின. நாமும் 2016 ஏப்ரலில் ஏழாவது சாட்டிலைட்டை ஏற்றி, 'நாவிக்' என்று பெயர் வைத்தோம். இந்தியாவும் சுற்றி 1,500 கிலோமீட்டரும் அதன் எல்லை. சொந்த வீடென்றால் சும்மாவா? முதல் சாட்டிலைட்டின் மூன்று அணுக் கடிகாரங்களும் பழுதாகி, 2018-ல் மாற்று அனுப்ப வேண்டியிருந்தது. நாவிக்கிலும் பொதுமக்களுக்கு ஒன்று, அனுமதி பெற்றவர்களுக்கு ஒன்று என்று இரண்டு சேவை உண்டு. ஸ்விட்ச் இங்கேயும் இருக்கிறது ஸார், நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அரசாங்கத்தின் கையில். இங்கே கேள்வி கேட்கலாம். கொலராடோவில் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கைதான் பார்க்கலாம்.

வேலிக்கு அப்பால் ஒரு ஜீப் எங்கள் திசையில் திரும்பியது. "போலாம்டா, எதுக்கு வம்பு" என்றான் நண்பன். நான் பழக்க தோஷத்தில் போனை எடுத்தேன்.

"அது எதுக்கு? மேற்க பைக்ஸ் பீக் தெரியுதுல்ல, அதப் பார்த்து ஓட்டினா ஊரு வந்துடும்."

வந்தது.