சுவருக்குள் ஓர் உரல்

தலைநகரில் வாழும் நம்மவர்க்கு மார்கழி என்றதும் இருவகை நினைவுகள் எழும். ஊரில் விட்டுவந்த கோலமும் பஜனையும் ஒன்று. எலும்பை நடுக்கும் டில்லிக் குளிர் மற்றொன்று. மயூர் விஹார் முதற்பகுதியில், நான்கு அடுக்குக் கட்டிடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் நாங்கள் நெடுநாளாகக் குடியிருந்து வருகிறோம். காற்று இசைவாக வீசும் நாட்களில் உத்தர குருவாயூரப்பன் கோயில் மணியோசை விடியலில் மிதந்து வரும். அதைக் கேட்டு எழுவது என் தாயாரின் வழக்கம்.

சென்ற மார்கழியில் அம்மணியோசைக்கு முன்பாகவே வேறோர் ஓசை எங்களை எழுப்பத் தொடங்கிற்று. நாலே முக்கால் மணியளவில் ‘தடார்’ என்று ஒரு பேரொலி, அதனைத் தொடர்ந்து சுவருக்குள் மூன்று நான்கு அதிர்வுகள், பிறகு அமைதி. 83 வயதான என் தாயார் முதல் நாள் அதைக் கேட்டுப் புன்னகைத்து, “யாரோ உரலில் நெல் குத்துகிறார்களே! நம் ஊருக்கே வந்துவிட்டோமா, அப்பா?” என்றார்கள். ஒரு வாரம் சென்றபின் அந்தப் புன்னகை மறைந்தது. உறக்கம் கலைந்து, நெஞ்சு படபடக்க எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

ஓசைக்குக் காரணம் மேல்வீடுதான் என்று நாங்கள் ஐயமின்றி முடிவு செய்தோம். அங்கே இருப்பவர்கள் ஓய்வு பெற்ற பஞ்சாபிப் பெரியவர் ஒருவரும் அவர் மனைவியும். அதிகாலையில் இஞ்சி இடித்துத் தேநீர் போடுவது அவர்கள் வழக்கம் என்பதை முன்பே அறிவோம். ஒரு நாள் காலை படியேறிச் சென்று, “அம்மாவால் உறங்க முடியவில்லை. இஞ்சியைச் சற்றுப் பொழுது விடிந்தபின் இடிக்கலாகாதா?” என்று கேட்டேன். என் குரலில் பணிவைக் காட்டிலும் சினமே மிகுந்திருந்தது. பெரியவர் என்னை ஒரு கணம் நோக்கினார். “சரி, பேட்டா” என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஓசை நிற்கவில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டாலும் முகம் திருப்பிக்கொண்டோம். ஆண்டுதோறும் பொங்கலன்று மேல்வீட்டுக்குச் செல்லும் சர்க்கரைப் பொங்கல் கிண்ணம் அவ்வாண்டு செல்லவில்லை.

தை மாதத்தில் வெந்நீர்க் கெய்சரின் குழாய் கசியவே பிளம்பர் ஒருவரை அழைத்தோம். அவர் பேச்சுவாக்கில் ஓசையின் கதையைக் கேட்டார்; சுவரை ஒட்டிச் செல்லும் குழாயின்மீது கையை வைத்துக்கொண்டு, எங்கள் தண்ணீர் மோட்டாரைப் போட்டு நிறுத்தச் சொன்னார். நிறுத்தியதும் ‘தடார்’ என்ற அதே ஒலி! “பாபுஜி, இடிப்பது உங்கள் மோட்டார்தான்” என்றார் அவர். நான் தலைகுனிந்தேன்.

நடந்தது இதுதான். கிழக்கு டில்லிக்கு வரும் கங்கை நீர் மேல் கங்கைக் கால்வாயை நம்பியிருக்கிறது. ஆண்டுதோறும் தசராவை ஒட்டிப் பராமரிப்புக்காக அக்கால்வாயை மூடுவார்கள். அப்போது குழாய்களில் நீர் மெலியும். அந்தத் தொல்லையால் ஐப்பசியில் வலிமை மிக்க புது மோட்டார் ஒன்றை வாங்கி, மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் தானே நின்றுவிடும் கருவியையும் பொருத்தியிருந்தோம். மோட்டார் திடீரென நின்றதும், மேலேறிக் கொண்டிருந்த நீர்த்தம்பம் திரும்பிக் கீழே விழும். நீரைப் பின்வாங்க விடாத ‘நான் ரிட்டர்ன் வால்வு’ படீரென்று சாத்திக்கொள்ளும். ஓடும் நீருக்கு ஓட இடமில்லை. அதன் வேகம் முழுவதும் அடியாக மாறிக் குழாயைத் தாக்கும். நாள்தோறும் பட்ட அடியில், துருவேறிய பிடிப்புக் கம்பிகள் தளர்ந்து, மார்கழிக்குள் குழாயே சுவரை இடிக்கத் தொடங்கிவிட்டது.

இதனை நீர்ச்சம்மட்டி என்பர். ரஷ்ய அறிஞர் ஜுக்கோவ்ஸ்கி, மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் சோதனை நடத்தி, 1898-ஆம் ஆண்டில் இதன் கணக்கை வெளியிட்டார். விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் இரும்புக் குழாயில் ஓடும் நீரை நொடியில் தடுத்தால், ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 18 கிலோ அழுத்தம் கூடும். பன்னிரண்டு மீட்டர் உயரத்துத் தொட்டி நீர் தரும் அழுத்தமோ 1.2 கிலோதான்! இதே அடியைப் பயன்படுத்தி, வேறு விசையின்றி நீரை மேலேற்றும் பொறியைப் பிரான்சு நாட்டு மோன்கோல்பியே 1796-இல் அமைத்தார் என்பதும் வியப்பே.

பரிகாரம் எளிது. நீர் திரும்பும் முன்னரே மெல்ல மூடிக்கொள்ளும் சுருள்வில் வால்வு ஒன்றை மாற்றினோம். ரப்பர் வைத்த பிடிப்புகளால் குழாயைச் சுவரோடு இறுக்கினோம். மேல்முனை அடைத்த ஒரு முழக் குழாயைச் செங்குத்தாக இணைத்தோம். அதனுள் தங்கும் காற்று மெத்தைபோல் அடியை வாங்கிக்கொள்ளும். நாளடைவில் அதில் நீர் புகுந்துவிடுமாகையால், அவ்வப்போது குழாயை வடித்துக் காற்று நிரப்ப வேண்டும். கெய்சர் குழாயில் கேட்கும் ‘டிக், டிக்’ ஓசை வேறு. மூன்று மீட்டர் இரும்புக் குழாய் 50 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும். இறுக்கமான துளையில் உரசி ஒலி எழுப்பும். குளிர்நாடுகளில் வாழும் நம் பிள்ளைகளின் வீடுகளில் வெப்பமூட்டும் குழாய்கள் முனகுவதற்கும் பெரும்பாலும் இத்தகைய நீட்சியோ, உள்ளே சிக்கிய காற்றோதான் காரணம்.

குழாய் அடங்கியது, என் மனம் அடங்கவில்லை. அன்று மாலையே படியேறிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். பெரியவர் என்னை உள்ளே அழைத்துச் சென்றார். அந்தக் குழாய் செல்லும் சுவரை ஒட்டியே அவர் மனைவியின் கட்டில் கிடந்தது. கார்த்திகையில் அவ்வம்மையாருக்கு இருதய அறுவை நடந்திருந்ததை அப்போதுதான் அறிந்தேன்.

“உங்கள் மோட்டார் என்று எங்களுக்கு முதல் நாளே தெரியும். சொன்னால் நிறுத்திவிடுவீர்கள், வயதான தாய்க்குத் தண்ணீர் வேண்டாமா?” என்றார் அவர். சற்றுப் பொறுத்து, “இஞ்சி இடிப்பவள் இவள்தான். இவள் படுத்த நாள் முதல் இங்கே இஞ்சித் தேநீரே இல்லை, பேட்டா” என்றார்.

என்னால் விடை கூற இயலவில்லை. அடுத்த வெள்ளியன்று என் மனைவி சர்க்கரைப் பொங்கல் செய்து தானே எடுத்துச் சென்றாள். அயலார் மீது குறை சொல்லப் படியேறும் முன், நம் வீட்டுக் குழாயை ஒரு முறை தொட்டுப் பார்ப்பது நலம் என்பதை இவ்வயதில் கற்றேன்.

இப்போது அவ்வம்மையார் நலமாக நடமாடுகிறார். காலை ஆறு மணிக்கு மேல்வீட்டில் இஞ்சி இடிக்கும் ஓசை மெல்லக் கேட்கிறது. “நெல் குத்துகிறார்கள்” என்று சொல்லி, என் தாயார் மறுபடியும் புன்னகைக்கிறார்கள்.