படிக்கட்டில் இருந்த வருஷம்

ஜூன் மாசம் யாங்கூனில் இரண்டு பிள்ளைகளோடு வீட்டுக்குள் இருந்து பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும். உள்ளூர்ப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை மார்ச் முதல் மே வரை. நடுவில் ஏப்ரலில் திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழா வந்துவிடும், ஊரே நனையும். எங்கள் பிள்ளைகள் படித்த சர்வதேசப் பள்ளியிலோ ஜூனில்தான் லீவு விடுவார்கள். அதற்குள் மழை வந்துவிடும். சிங்கப்பூர் மழை மாதிரி ஒரு மணி நேரம் அடித்துவிட்டு ஓய்கிற மழை இல்லை. நாள் கணக்கில் பெய்யும்.

2019-இல் அப்படி ஒரு சனிக்கிழமை. அந்தக் கோடைக்கு நீச்சல் வகுப்பு, ரோபோ வகுப்பு, களிமண் வகுப்பு என்று பணம் கட்டிக் கட்டி அலுத்துப்போய், இரண்டு பேரையும் யாங்கூன் பாரம்பரிய அறக்கட்டளையின் நடைப்பயணத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். பெரியவனுக்கு 11 வயசு, சின்னவளுக்கு 8. "பழைய பில்டிங்கை எதுக்கு நடந்து போய்ப் பாக்கணும், கார்லேர்ந்தே தெரியுதே" என்று பெரியவன் ஆங்கிலத்தில் முணுமுணுத்தான். நான் தமிழில் பதில் சொன்னேன். எங்கள் வீட்டில் இப்படித்தான், ஒருவருக்கொருவர் அவரவர் மொழியில் பேசிக்கொள்வோம். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றால் கை தூக்குங்கள்.

இந்த அறக்கட்டளையை 2012-இல் தொடங்கியவர் வரலாற்றாசிரியர் தந்த் மியின் ஊ. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாந்தின் பேரன். நாடு வெளியுலகத்துக்குத் திறந்துவிடப்பட்ட புதிதில், நகரத்தின் நடுவிலிருந்த நூறு வருஷக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடிகளாக மாறிக்கொண்டிருந்தன. அதைத் தடுக்கத்தான் இது. எந்தக் கட்டடம் எப்போது, யாரால் கட்டப்பட்டது என்று ஆவணப்படுத்துவார்கள். அரசோடும் மாநகராட்சியோடும் பேசுவார்கள். முக்கியமான கட்டடங்களின் சுவரில் வட்டமான நீலப் பலகை ஒன்றைப் பதிப்பார்கள். முதல் பலகை 2014-இல் மாநகராட்சி மண்டபத்தில் வைத்தது. இதையெல்லாம் மக்களிடம் கொண்டுபோக நடைப்பயணங்களும் நடத்தினார்கள்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவள் கட்டடக்கலை படித்த சின்னப் பெண். என்னை "அமா, அமா" என்று கூப்பிட்டாள். பர்மியத்தில் அமா என்றால் அக்கா. சின்னவளுக்கு ஒரே சிரிப்பு, "அவங்களுக்கும் நீ அம்மாவா?" என்று. இன்னும் இரண்டு வாரம்தான் தான் இங்கே வேலை பார்க்கப்போவதாகவும், மேற்படிப்புக்குச் சிங்கப்பூர் போவதாகவும், தன் இடத்துக்கு வரப்போகிறவர்தான் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு குறிப்பெடுக்கிற இந்தப் பையன் என்றும் அவளே அறிமுகம் செய்துவைத்தாள். பையன் வெட்கத்தோடு கும்பிட்டான்.

பன்சோடான் தெருவில் நடந்தோம். வெள்ளைக்காரர் காலத்தில் அதற்கு ஃபேர் தெரு என்று பெயர். 1906-இல் பாக்தாதிலிருந்து வந்த யூத வியாபாரி கட்டிய சோஃபேர் கட்டடம் அங்கேதான் இருக்கிறது. தரை ஓடு மான்செஸ்டரிலிருந்து கப்பலில் வந்ததாம். கால் வைத்தால் இன்றைக்கும் வழுவழு என்று இருக்கிறது. செங்கல் நிறத்து உயர் நீதிமன்றம், 1911. செயலகத்தின் வெளியே நின்றபோது, 1947 ஜூலை 19 அன்று ஆங் சானையும் அவரோடு இருந்தவர்களையும் அங்கேதான் சுட்டுக் கொன்றார்கள் என்றாள். அதில் அப்துல் ரசாக் என்ற அமைச்சரும் ஒருவர். அப்பா இந்திய முஸ்லிம், அம்மா பர்மியர். பெரியவன் அந்த இடத்தில்தான் முதல்முறையாகக் கைபேசியைப் பைக்குள் வைத்தான்.

இந்தியர்களைப் பற்றியும் நிறையச் சொன்னாள். 1931 மக்கள்தொகைக் கணக்கில் ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். கப்பல் துறையில் தெலுங்கர்கள், வட்டிக்கடையிலும் நெல் வியாபாரத்திலும் நம் செட்டியார்கள், அவர்களுடைய பெட்டிகள் வரிசையாக இருந்த மொகல் தெரு, தமிழர்கள் 1871-இல் கட்டிய காளி கோயில். எனக்குத் தெரிந்ததைவிட அவளுக்குத்தான் அதிகம் தெரிந்திருந்தது. இத்தனைக்கும் என் அம்மா இந்த ஊரில் பிறந்தவர். 1950-இல் பிறந்து, 14 வயதில் கப்பலேறித் திருச்சிக்குப் போனவர். கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்தார். நான் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். அம்மா ரங்கூனைப் பற்றிப் பேச மாட்டார். கேட்டால் "அதெல்லாம் என்னத்துக்கு இப்ப" என்பதோடு சரி. என் கணவருக்கு யாங்கூனில் வேலை என்றதும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "நல்லபடியா போயிட்டு வாங்க. நான் வரல" என்றார். விமானத்தில் மூன்று மணி நேரம்கூட இல்லை, ஆனாலும் இரண்டு வருஷமாக வரவில்லை.

காளி கோயில் பக்கம் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. குடை ஒன்றுக்கும் உதவவில்லை. எட்டுப் பேரும் ஓடிப்போய் ஒரு பழைய வீட்டு மாடிப்படி வாசலில் ஒண்டினோம். கீழே கைபேசிக் கடை, மேலே குடித்தனங்கள், படியெல்லாம் வெற்றிலைச் சாறு. நீலப் பலகை எதுவும் இல்லாத, பட்டியலில் ஏறாத சாதாரண வீடு. சின்னவள் செருப்பைக் கழற்றித் தண்ணீரை உதறினாள். உதறின இடத்தில் அழுக்கு போய், முதல் படிக்கல்லில் எழுத்து தெரிந்தது.

"அமா, இது உங்க எழுத்துதானே?" என்று வழிகாட்டிப் பெண் குனிந்தாள்.

தமிழ்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளியில் தமிழுக்கு ஏ ஒன் வாங்கியவள். எல்லோரும் சுற்றி நிற்க உரக்கப் படித்தேன். மேலே புள்ளி வைத்து மூன்று எழுத்து. கீழே, "க... கூ... உ... எ..." அதற்கு மேல் ஓடவில்லை. மறுபடி படித்தேன். கககூ, கூவுஎ, என்ன கண்றாவி? பெரியவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் தினமும் தமிழ் படி, தமிழ் படி என்று உயிரை வாங்குகிற அம்மா நாலு எழுத்துக்குத் தடுமாறுகிறாள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

படம் எடுத்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சிங்கப்பூர் ஒன்றரை மணி நேரம் முன்னால், சாப்பிட்டு முடித்திருப்பார். ஒரு நிமிஷத்தில் அவரே கூப்பிட்டார்.

"ஏண்டி, இதைப் போயா படிக்கத் தெரியல? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு. வருஷம்டி அது."

௧௯௨௭. தமிழ் எண்கள். க மாதிரி இருப்பது ஒன்று, கூ மாதிரி இருப்பது ஒன்பது, உ மாதிரி இருப்பது இரண்டு, எ மாதிரி இருப்பது ஏழு. மேலே இருக்கிற மூன்று எழுத்து என்ன என்றேன்.

"அது விலாசம்."

"எந்த அட்ரஸ்மா?"

"அட்ரஸ் இல்ல. செட்டியார் கடைங்களுக்கு அப்படித்தான், தாத்தா அப்பா பேரோட முதலெழுத்து. அதுக்குப் பேரு விலாசம். எங்கப்பா கணக்கு எழுதின பேரேடு பூரா இந்த நம்பர்லதான் இருக்கும். பத்து வயசுல நான்தான் கூட்டல் சரிபாப்பேன்."

தாத்தா மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

பெரியவனுக்கு வேறு சந்தேகம். யாங்கூனில் கடைப் பலகை, காலண்டர், வீட்டு எண் எல்லாவற்றிலும் பர்மிய எண்கள்தான். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அது தண்ணிபட்ட பாடு. "தமிழுக்கும் தனியா நம்பர் இருக்கா? அப்ப ஏன் நீ சொல்லிக்கொடுக்கல?" என்றான். எனக்குத் தெரியாது என்று சொல்ல ஒரு மாதிரி இருந்தது, ஆனாலும் சொன்னேன்.

இதற்குள் வழிகாட்டிப் பெண், பேசுவது யார், ரங்கூனில் இருந்தவரா என்று கேட்டாள். ஆமாம், 64-இல் போனவர் என்றேன். அந்த வருஷத்தைச் சொன்னால் அங்கே விளக்கம் தேவையில்லை. மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். பல தலைமுறையாக இருந்தவர்கள் கையில் ஒன்றும் இல்லாமல் கப்பலேறினார்கள். அவள் என் கைபேசியை வாங்கி, திரையில் தெரிந்த அம்மாவைப் பார்த்து "மிங்கலாபா" என்றாள். பிறகு பர்மியத்தில் ஏதோ கேட்டாள்.

அம்மா பதில் பேசவில்லை. இணைப்பு போய்விட்டது என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். அப்புறம் பேச ஆரம்பித்தார். முதலில் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. பிறகு நிறுத்தவே இல்லை. கையை ஆட்டி, சிரித்து, நடுவில் ஒரு வார்த்தை கிடைக்காமல் நெற்றியைத் தட்டி, அந்தப் பெண் எடுத்துக்கொடுக்க, "ஆங், அதான்!" என்று தமிழில் கத்தி, மறுபடி பர்மியத்துக்குப் போய்...

45 வருஷத்தில் அம்மா பர்மியம் பேசி நான் கேட்டதில்லை. அவருக்குப் பேச வரும் என்றே தெரியாது. சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டு "அம்மாச்சி ஏன் அவங்க மாதிரி பேசுறாங்க?" என்றாள்.

அன்று ராத்திரி நானே கூப்பிட்டுக் கேட்டேன், ஏம்மா சொல்லவே இல்ல என்று.

"திருச்சியில பள்ளிக்கூடம் சேந்தப்ப பர்மாக்காரி, அகதின்னு கூப்புடுவாளுக. நான் தமிழ் பேசினா இழுவை இருக்குன்னு சிரிப்பாளுக. நானும் என் தங்கச்சியும் வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் மட்டும் பர்மா பாஷை பேசுவோம். ஒருநாள் எங்கப்பா கேட்டுட்டு, இனிமே அது வேண்டாம்மா, இங்க இருக்கணும்னா இங்கத்தி மாதிரி இருங்கன்னாரு. அதோட விட்டுட்டோம். தங்கச்சியும் போயிட்டா. யார்ட்ட பேசறது?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. சிங்கப்பூரில் என் தமிழைத் திருத்தித் திருத்தி, வீட்டில் ஆங்கிலமே கூடாது என்று சண்டை போட்ட அம்மா. எவ்வளவு கத்தியிருக்கிறேன் அவரிடம். அவர் எதை நினைத்து அப்படி விடாப்பிடியாக நின்றார் என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றியதில்லை.

மறுவாரம் அவர் சொன்ன தெருவுக்குப் போனோம். நகரின் நடுவில் குறுக்குத் தெருக்கள் பலவற்றுக்குப் பெயர் கிடையாது, எண்தான். அதனால் தெருவைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வீடுதான் இல்லை. அந்த இடத்தில் எட்டு மாடிக் கட்டடம், கம்பி போட்ட பால்கனிகள். படம் எடுத்து அனுப்பலாமா வேண்டாமா என்று நானும் கணவரும் தெருவோரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தபோதே பெரியவன் அனுப்பிவிட்டான். அம்மா பதில் போட்டார்: "சரி. அது வாடகை வீடுதான். எதிர்ல மோஹிங்கா விக்கிற கடை இருக்கா பாரு." அங்கே இருந்தது பிரியாணிக் கடை.

வழிகாட்டிப் பெண் கிளம்புவதற்கு முன் ஒரு வேலை கொடுத்தாள். இந்தப் பக்கம் வேறு எங்கேயாவது தமிழ் எழுத்து கண்ணில் பட்டால் படமெடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதி, தன் இடத்துக்கு வருகிற பையனுக்கு அனுப்ப முடியுமா என்று. லீவு முடியும்வரை எங்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு. ரோபோ வகுப்புக்குக் கட்டிய பணம் வீண். மழையில் குடையோடு அலைந்து பதினோரு கல் கண்டுபிடித்தோம். கோயில் உபயக் கல், வாசல் கல், ஒரு கிணற்றுச் சுவர். எண்ணைப் பெரியவன் படிப்பான், எழுத்தை நான் படிப்பேன், இரண்டு பேருக்கும் புரியாததை அம்மாச்சி படிப்பார். அந்தப் பையன் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லி எழுதுவான். அவை எங்கேயாவது பதிவாயினவா என்று நான் கேட்கவில்லை.

பள்ளி திறந்ததும் பெரியவன் கணக்கு நோட்டில் தேதியைத் தமிழ் எண்ணில் எழுதி, ஆசிரியையிடம் சிவப்பு மை வாங்கி வந்தான்.

அந்த டிசம்பரில் அம்மா தானாகவே சொன்னார், "திஞ்ஞானுக்கு வரேன்" என்று. 2020 ஏப்ரலுக்கு டிக்கெட் போட்டோம். மார்ச் கடைசியில் சர்வதேச விமானங்களை நிறுத்திவிட்டார்கள், கொரோனா. அந்த வருஷமே எங்களுக்கும் சிங்கப்பூருக்கு மாற்றலாகிவிட்டது. 2021 பிப்ரவரியில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதற்கப்புறம் டிக்கெட் பேச்சை நாங்களும் எடுப்பதில்லை, அம்மாவும் எடுப்பதில்லை.

வழிகாட்டிப் பெண் படிப்பை முடித்து இங்கேயே வேலையில் இருக்கிறாள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்கு வருவாள். போன வாரம் நான் போனபோது இரண்டு பேரும் சமையலறையில் மீன் வேகவைத்து மோஹிங்காவுக்குக் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தார்கள். வாழைத்தண்டு போடுவதா வேண்டாமா என்று பர்மியத்தில் பெரிய வாக்குவாதம். சின்னவள் மேசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மாச்சி என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"போடணுமாம்," என்றாள், தலையைத் தூக்காமல், தமிழில்.