தைராய்டு இருக்கிறது

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் ‘எனக்குத் தைராய்டு இருக்கிறது’ என்று சொல்லும் பெண்கள் பலர். தைராய்டு எல்லோர் கழுத்திலும் இருப்பதுதான். சர்க்கரையும் பிரஷரும் நோய்ப்பெயர்கள் ஆனதைப் போல இங்கு உறுப்பின் பெயரே நோயின் பெயராகிவிட்டது. முன்கழுத்துக் கழலை என்ற பழைய பெயர் கண்ணுக்குப் புலப்படும் வீக்கத்தைச் சுட்டியது. புதிய பெயர் சுட்டுவதோ பெரும்பாலும் ஆய்வகத் தாளில் உள்ள டிஎஸ்எச் என்னும் ஓர் எண்ணை.

கொழுந்து பறிக்கும் பெண் ஒருவருக்கு அந்த எண் 6.8 என வந்தது. வழக்கமான மேல்வரம்பு 4க்குச் சற்று மேல். கழுத்தில் சிறு கட்டியும் இருந்தது. மலையாளத் துண்டறிக்கை ஒன்றை யாரோ படித்துக் காட்டினர். மலையாளத்தில் ‘அர்புதம்’ என்றால் புற்றுநோய். தமிழ்வழியில் படித்த அவர் காதில் அது ‘அற்புதம்’ என்றே விழுந்தது. இரண்டு நாள் நிம்மதியாக இருந்தார். மகள் பொருள் சொன்ன இரவில் உறக்கம் போயிற்று. ஊசிவழிச் சோதனை புற்று இல்லை என்றது. ஆயினும் எண் ஏறினால் புற்று வரும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. மாத்திரைக்கான அளவைச் சரிபார்க்கச் சில மாதங்களுக்கு ஒருமுறை செய்தால் போதுமான சோதனையை மாதந்தோறும் செய்துகொண்டார். ஒவ்வொரு முறையும் போடிமெட்டு இறங்கித் தேனி செல்ல ஒரு நாள் கூலி போயிற்று.

அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. பிட்யூட்டரி சுரக்கும் டிஎஸ்எச், தைராய்டு அணுக்களை வேலை செய்யவும் வளரவும் தூண்டுகிறது. பாப்பிலரி வகைப் புற்றணுக்களில் பலவும் அந்தத் தூண்டலுக்குச் செவிசாய்ப்பவை. அறுவைக்குப் பின், மீண்டும் வரும் வாய்ப்பு மிகுந்தோர்க்கு மாத்திரையால் டிஎஸ்எச்சைத் தாழ்த்தி வைப்பது இதனால்தான். 2006இல் பர்மிங்காம் மருத்துவர்கள், கழுத்துக் கட்டியோடு வந்தோரில் டிஎஸ்எச் கூடக்கூட அக்கட்டி புற்றாக இருக்கும் வாய்ப்பும் கூடியதைக் காட்டினர்.

ஆனால் அது ஏற்கெனவே கட்டி உள்ளவர்களைப் பற்றிய செய்தி. நோய் வருமுன்னரே குருதி எடுத்து வைத்துப் பல்லாண்டு தொடர்ந்த ஐரோப்பிய ஆய்வில் நேர்மாறான முடிவு வந்தது: பின்னாளில் தைராய்டு புற்று கண்டோரின் டிஎஸ்எச் சராசரியாகத் தாழ்வாகவே இருந்தது. 2020இல் மரபணுத் தரவுகளும் அப்பக்கமே சாய்ந்தன. இருக்கும் புற்றை வளர்ப்பது வேறு, இல்லாத புற்றைத் தோற்றுவிப்பது வேறு. ‘தொடர்புடையது’ என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பது ஆய்வுக்கட்டுரைகளுக்கும் உள்ள வழக்கம். அதன் விலையை லயத்தில் இருப்பவர் கொடுக்கிறார். சிறுவயதில் கழுத்தில் பட்ட கதிர்வீச்சும் குடும்ப வரலாறும் இந்த எண்ணைவிட உறுதியான காரணிகள். அவற்றைப் பற்றி அவரிடம் எவரும் கேட்கவில்லை.

கேரளத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. திருவனந்தபுரம் புற்றுநோய்ப் பதிவேட்டில் 2005 முதல் 2014 வரை பெண்களிடையே தைராய்டு புற்று ஏறத்தாழ இரட்டித்தது. இறப்போ அதற்கேற்ப உயரவில்லை. தென்கொரியாவில் 1993ஐவிட 2011இல் பதினைந்து மடங்கு புற்றுகள் கண்டறியப்பட்டன, இறப்பு மாறவில்லை. ஸ்கேன் கருவி தேடிக் கண்டவற்றுள் பல, உயிருக்குத் தீங்கு செய்யாமலே கிடந்திருக்கக்கூடிய நுண்கட்டிகள். 2014இல் அங்குள்ள மருத்துவர்கள் சிலர் வெளிப்படையாக எதிர்த்த பின் அறுவைகள் வெகுவாகக் குறைந்தன.

இதனால் கழுத்துக் கட்டியைப் பொருட்படுத்த வேண்டாம் என்றாகாது. வேகமாகப் பெருத்தாலோ, குரல் கரகரத்தாலோ, விழுங்கத் தடை இருந்தாலோ காத்திருக்கக் கூடாது. டிஎஸ்எச் மிகுதிக்கான மாத்திரையும் தேவையானதே. அது சோர்வுக்கும் மந்தத்துக்கும் உரிய மருந்து, புற்றுக்கான காப்பன்று. வெறும் வயிற்றில் விழுங்கி அரைமணி நேரமாவது ஒன்றும் உண்ணாதிருக்க வேண்டும் என்பது விதி. விடியுமுன் அடுப்பு மூட்டிக் கட்டஞ்சாயா குடித்துவிட்டு மஸ்டருக்கு ஓடும் பெண்ணுக்கு அந்த அரைமணி எங்கிருந்து கிடைக்கும் என்பதை மருந்துச்சீட்டு எழுதுபவர் கேட்பதில்லை. கேட்டால், இரவு உண்டு மூன்று மணி நேரம் கழித்தும் விழுங்கலாம் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அவருக்குப் புரியும் மொழியில்.