குதிரைக்கும் ஒரு டிகிரி!

'குதிரையைப் பழக்கக்கூடவா காலேஜ்?'னு சிரிக்காதீங்க பாஸ். நிஜமாவே இருக்கு! அமெரிக்காவுல கொலராடோ மாநிலம், லாமர்னு ஒரு சின்ன ஊர். அங்கே இருக்கிற கம்யூனிட்டி காலேஜ்ல குதிரைப் பயிற்சியும் பராமரிப்பும் ஒரு படிப்பு. கம்யூனிட்டி காலேஜ்னா, நம்ம ஊர் பாலிடெக்னிக் மாதிரி ரெண்டு வருஷத்துல ஒரு தொழிலைக் கையில கொடுத்து அனுப்புற இடம்னு வெச்சுக்கங்க. நாம லேப்ல சர்க்யூட்டோட மல்லுக்கட்டுறோம்... அவங்க இளங்குதிரையோட!

இதை மம்சாபுரத்துல நின்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவுல இருக்கிற ஊர் இது. மேற்கே திரும்பினா மலை. அங்கே 2021-ல இருந்து புலிகள் காப்பகம். பக்கத்து ஊர் பேரைச் சொன்னாலே வெள்ளை வெளேர்னு ஒரு நாய் ஞாபகம் வரும். 2005-ல தபால்தலையிலேயே இடம்பிடிச்ச ராஜபாளையம் நாய்! மலையடிவாரத்துல நீர்காத்த அய்யனார் கோயில். அய்யனார்னாலே நமக்குக் குதிரைதானே? ஆக, நாய்க்கும் குதிரைக்கும் இவ்வளவு மரியாதை கொடுக்கிற சீமை இது. ஆனா, 'ஒழுங்கா படிக்கலேன்னா மாடு மேய்க்கத்தான் போவே'ங்கிற திட்டும் இங்கே ஃப்ரீ. வாங்காதவங்க கை தூக்குங்க பார்ப்போம்!

சரி, மண்குதிரை போதும், உயிருள்ள குதிரை பார்க்கணுமா? ஆடி மாசம் ஈரோடு மாவட்டம் அந்தியூருக்கு வண்டி ஏறுங்க. குருநாதசாமி கோயில் திருவிழாவோட நடக்கிற குதிரைச் சந்தை செம ஃபேமஸ். காது நுனி ரெண்டும் உள்பக்கமா வளைஞ்சு ஒண்ணையொண்ணு தொடப் பார்க்குதா? மார்வாரி, காத்தியவாரி இனங்களோட அடையாளம் அது.

சும்மா போட்டோ எடுத்துட்டு வந்துடாதீங்க. விஷயம் தெரிஞ்சவங்க எதைப் பார்க்கிறாங்கன்னு கவனிங்க. முதல்ல வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பாங்க. பல் தேய்ஞ்சிருக்கிற விதத்துலயே வயசு தெரியும். அப்புறம் குளம்பு. அது நம்ம நகம் மாதிரி வளர்ந்துக்கிட்டே இருக்கும். ஆறு வாரத்துல இருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவி விடணும். தவறினா நடையே கெட்டுடும். குதிரைக்கு நேர் பின்னாடி கண் தெரியாது. அங்கே போய் நின்னீங்கன்னா உதை நிச்சயம்! தோள்பட்டைப் பக்கமா, குரல் கொடுத்துக்கிட்டே போகணும்.

இன்னொண்ணு... குதிரையால வாந்தி எடுக்க முடியாது. வயித்துக்குள்ள போனது மேல வரவே வராது. உடம்புக்கு இரைப்பையும் சின்னது. அதனால கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி தீனி. ஒரேயடியா தானியத்தைக் கொட்டினா வயித்துவலி வந்து உயிரே போயிடலாம்.

லாமர் மாதிரி இடத்துல இதெல்லாம் சிலபஸ். பரீட்சை, மார்க், கையில பட்டம். நம்ம சந்தையில இதே பாடத்தை நடத்துறவருக்கு அப்பா சொல்லிக் கொடுத்தது மட்டும்தான். பையன் கத்துக்கலேன்னா அந்த வித்தை அவரோட போச்சு. ப்ளஸ் டூவுல பயாலஜி எடுத்தவங்களுக்குக் கால்நடை மருத்துவம் இருக்கு, அஞ்சரை வருஷம். ஆனா நோயைக் குணப்படுத்துற படிப்பு வேற, மிரளுற குதிரையை நம்ப வைக்கிற படிப்பு வேற. ரெண்டும் வேணும்ல?

நானே இன்ஜினீயரிங்தான் படிக்கிறேன். எல்லாரும் பி.இ-யைத் தூக்கிப் போட்டுட்டு லாயத்துக்குப் போங்கன்னு சொல்லலை. மிருகத்தோட பாஷை தெரிஞ்சவரை 'படிக்காதவர்'னு சொல்றதை மட்டும் நிறுத்துவோம்.

ரூட் ரொம்ப சிம்பிள். மம்சாபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர், மதுரை, ஈரோடு, அந்தியூர். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா வாங்கிக்கங்க. சந்தையில குதிரைக்காரர்கிட்ட பேச்சுக் கொடுக்க அதைவிட நல்ல ஐடியா வேற இல்லை. அதுவும் குதிரைக்கு இல்லீங்க, அவருக்கு!