எழுபத்து நான்கு சக்கரங்களின் காற்று

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா தேவாலயத்துக்குள் நுழைந்ததும் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. 1963 நவம்பர் 21 அன்று இந்த மீனவக் கடற்கரையிலிருந்துதான் நாட்டின் முதல் ராக்கெட் மேலே போனது. அன்றைக்கு இந்த ஆலயமே அலுவலகம். இன்று விண்வெளி அருங்காட்சியகம். ராக்கெட்டின் கூம்பைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிப்போகும் பழைய படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நான் நாமக்கல்காரன், லாரிகளுக்கு நடுவே வளர்ந்தவன். அதனால் எனக்கு இன்னொரு வண்டி நினைவுக்கு வந்தது. 2019 ஜூலை 8 அன்று மகாராஷ்டிரத்தில் கிளம்பிய டிரெய்லர் அது. திருவனந்தபுரத்தைத் தொட்டது 2020 ஜூலையில். மற்ற லாரிகள் ஒரு வாரத்தில் ஓடிவிடும் தூரத்துக்கு ஓராண்டு! விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்காக அது சுமந்து வந்த ஆட்டோகிளேவின் எடை 70 டன், உயரம் 7.5 மீட்டர், அகலம் 6.65 மீட்டர். விண்கலப் பாகங்களை வெப்பத்திலும் அழுத்தத்திலும் பதப்படுத்தும் கலன் அது. வண்டிக்குச் சக்கரம் 74.

அது போய்ச் சேர்ந்த வட்டியூர்க்காவில் நின்று கணக்குப் போட்டேன். சரக்கு மட்டுமே சக்கரத்துக்கு ஏறக்குறைய 950 கிலோ. வண்டியின் எடை தனி. அவ்வளவையும் தாங்கி வந்தது டயருக்குள் அடைபட்ட காற்று! ராக்கெட்டைவிட இதுதான் என்னை அதிகம் மலைக்க வைத்தது.

அந்த டிரெய்லர் ஊர்ந்து வந்தது. ஆனால் வேகமாக ஓடும் லாரியில் காற்று குறைந்தால் டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறும், உள்ளே அடுக்குகள் விட்டுப்போகும், கடைசியில் வெடிக்கும். ஜோடிச் சக்கரத்தில் உள்டயர்தான் பொல்லாதது. அதில் காற்று இறங்கினாலும் வெளிடயர் பாரத்தை வாங்கிக்கொள்ளும், வண்டி சாயாது. இரண்டும் கெட்ட பிறகுதான் தெரியவரும்.

விடியற்காலை, திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் காய்கறி இறக்கிவிட்டுக் கிளம்ப இருந்த நம் ஊர் லாரி ஒன்று. டிரைவர் இரும்புக் கம்பியால் டயர் டயராகத் தட்டிக்கொண்டு வந்தார்.

“தட்டினாலே தெரிஞ்சிருமாண்ணே?”

“அடியோட எறங்கியிருந்தா சத்தம் காட்டிக் குடுத்திரும் தம்பி. இருவது பவுண்டு கொறஞ்சா கேஜ் வெச்சாத்தான் தெரியும். அதும் டயர் ஆறியிருக்கறப்பவே பாக்கணும். ஓடி வந்த டயர்ல கூடத்தான் காட்டும். அத நம்பிக் காத்தை எறக்கிரக் கூடாது.”

நாகர்கோவிலை நோக்கித் திரும்பும்போது வழியில் ரப்பர் தோட்டங்கள். லாரி டயருக்கு இந்த மரத்துப் பால் நிறைய வேண்டும். மடங்கி நிமிர்வதில் செயற்கை ரப்பரைவிட இது குறைவாகச் சூடாகிறது. அந்தப் பாலை வெட்டி எடுப்பவரின் உழைப்பையும் சேர்த்துத்தான் காற்றில்லாமல் ஓட்டிக் கெடுக்கிறோம்.

லாரி முதலாளிகளே, வண்டிக்கு ஒரு நல்ல கேஜ் வாங்கிக் கொடுங்கள். உள்டயர் வால்வுக்குக் கை எட்டும்படி நீட்டிப்புக் குழாய் மாட்டுங்கள். கிளம்புமுன் எல்லாச் சக்கரத்தையும் பார்க்க டிரைவருக்குக் கால்மணி நேரம் விடுங்கள். சரக்கு தாமதமானால் அவரைத் திட்டாதீர்கள்.