மோட்டாரின் வயிற்றுக் கவசம்

கள்ளக்குறிச்சியில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. அரசியல் கட்சிகளைச் சொல்லவில்லை. அவை எண்ணிக்கையில் இன்னும் அதிகம். மோட்டார் வண்டியின் எஞ்சினுக்கு அடியில் தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்பும் கறுப்புப் பிளாஸ்டிக் தட்டைப் பற்றிய கட்சிகளைச் சொல்கிறேன். "கழற்றிப் பரணில் போடு" என்பது ஒரு கட்சி. "காரணமில்லாமலா வைத்திருப்பான்?" என்பது மற்றொரு கட்சி. தேநீர்க் கடையில் இந்த விவாதம் கிளம்பிவிட்டால், தேநீர் ஆறிப்போவதைப் பற்றிக்கூட எவரும் கவலைப்படுவதில்லை.

எங்கள் வீட்டில் இது வெறும் பொழுதுபோக்கு விவாதமன்று. என் மனைவி கல்வராயன் மலைமேல் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் அவளே வண்டியை ஓட்டிச் செல்கிறாள். உடன் இரண்டு ஆசிரியைகளும் செல்கிறார்கள். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் அந்தி வேளையில் இறங்கி வரும்போது, ஒரு வளைவில் வண்டிக்கு அடியிலிருந்து எருமை கனைப்பது போன்ற ஓசை எழுந்ததாம். இறங்கிப் பார்த்தால், தட்டின் ஒரு பக்கம் கழன்று தரையை உழுதுகொண்டிருந்தது. மறு பக்கம் முன்சக்கரத்தை உரசிக்கொண்டிருந்தது. முந்திய வாரம் எண்ணெய் மாற்றிய பட்டறையில், பத்துக் கிளிப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றை மட்டும் மாட்டி அனுப்பியிருந்தார்கள். கைபேசிக்குத் தொடர்பு கிடைக்காத இடம். சாப்பாட்டுப் பையின் நாடாவை அறுத்துத் தட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு, மூவரும் ஆமை வேகத்தில் மலையடிவாரம் வந்து சேர்ந்தார்கள்.

"இதைக் கழற்றிப் போட்டுவிடுங்கள், ஸார்! மலை ஏறுகிற வண்டிக்கு இது ஒரு சனியன்" என்றார் மறுநாள் வந்து பார்த்த மெக்கானிக். அவர் முப்பது ஆண்டுகளாக வண்டிகளுக்கு அடியில் படுத்தே வாழ்பவர். அவர் வார்த்தையை லேசாகத் தள்ளிவிட முடியாது. எண்ணெய் ஒழுகினால் காலையில் தரையில் நான்கு சொட்டுத் தெரியும்; அது வண்டி நமக்கு எழுதும் கடிதம். தட்டு இருந்தால் அந்தக் கடிதம் தட்டிலேயே தங்கிவிடுகிறது. எலிக்கு அது மெத்தை விரித்த வீடு. 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸிடரைக் குனிந்து பார்த்தால் எண்ணெய்ச் சேம்பர் நேரே தெரியும். அது இந்த நாட்டு ரோடுகளில் ஓடவில்லையா என்று கேட்கிறார்.

ஓடியது, வாஸ்தவம். ஆனால் அடித்தட்டு இன்றைய நாகரிகம் மட்டுமன்று. 1908 முதல் 1927 வரை உற்பத்தியான போர்டு 'மாடல் டி' வண்டியிலேயே எஞ்சினுக்கு இருபுறமும் தகரத் தட்டுகள் உண்டு. சேற்றுக்கும் மோட்டாருக்கும் உள்ள பகை அவ்வளவு பழையது. கல்வராயன் மலையின் செம்மண் சேறு ஒட்டினால் எளிதில் விடாது. முன்சக்கரம் வாரி இறைக்கும் நீரும் மண்ணும் மின்சார உற்பத்தி செய்யும் ஆல்டர்னேட்டரிலும், அதைச் சுழற்றும் பெல்ட்டிலும் படாமல் தடுப்பது இந்தத் தட்டுத்தான். அதற்காக வண்டி படகாகிவிடாது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த பெஞ்சல் புயலின்போது நம் பக்கத்து ரோடுகளில் ஓடிய வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆழமான நீரில் இறங்கினால் எஞ்சின் காற்றிழுக்கும் வாய் வழியாகவே தண்ணீர் குடித்துவிடும். அடித்தட்டு என்ன செய்யும்?

"கழற்றினால் காற்றுப் பட்டு எஞ்சின் குளிரும்" என்ற வாதம் கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ரேடியேட்டரின் முன்னே காற்றழுத்தம் மிகுந்தும் பின்னே குறைந்தும் இருப்பதால்தான் காற்று அதனூடே பாய்கிறது. அடிப்பக்கத்தைத் திறந்துவிட்டால் சில வண்டிகளில் அந்த வித்தியாசம் குறைந்துவிடும். எரிபொருள் மிச்சம் என்ற எதிர்க்கட்சி வாதமும் மலைக்குப் பொருந்தாது. 40 கிலோமீட்டர் வேகத்தில் உள்ள காற்றுத் தடை 80-ல் நான்கு மடங்காகிறது. ஆகவே சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் வழவழப்பான அடிப்பக்கத்துக்குக் கொஞ்சம் மதிப்புண்டு. இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறும் வண்டிக்கு என்ன மதிப்பு?

உண்மையில் என்னை யோசிக்க வைத்தது வைக்கோல். அறுவடைக் காலத்தில் நம் கிராமத்துத் தார் ரோடுகளில் கேழ்வரகு, கம்பு, உளுந்து, கொள்ளு எல்லாவற்றையும் பரப்பி வைக்கிறார்கள். முன்பு மாடு மிதித்துப் போரடித்தது; இப்பொழுது மோட்டார் மிதிக்கிறது. கூலி கேளாத மாடு! ஆனால் காய்ந்த தாள் அச்சில் சுற்றிக்கொண்டு புகைக்குழாய்வரை போய்விடுகிறது. புகையின் நச்சை முறிக்கும் பாகம் பெட்ரோல் வண்டியில் உள்ளே 400 டிகிரி செண்டிகிரேடுக்கு மேல் காயும். இப்படி வண்டிகள் தீப்பிடித்த செய்தி தென்னிந்தியப் பத்திரிகைகளுக்குப் புதிதன்று. முழுத் தட்டு எஞ்சின் பக்கம் தாள் ஏறாமல் தடுக்கும். உடைந்த தட்டோ அதை வாரி உள்ளே சேமித்து வைக்கும். தட்டே இல்லாத வண்டியைவிட அரைத் தட்டு உள்ள வண்டியே அபாயமானது என்பது என் அபிப்பிராயம். மெக்கானிக் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் அரைத் தட்டுகள். அதனால்தான் அவருக்கு அத்தனை கோபம்.

இன்னொன்று: பிளாஸ்டிக் தட்டு குடையே தவிரக் கேடயமன்று. துருத்திய பாறை தாக்கினால் அது அலுமினியச் சேம்பரைக் காப்பாற்றாது. அதற்கு இரும்பில் 'சேம்பர் கார்டு' என்று தனியே ஒன்று விற்கிறார்கள்.

பாறை துருத்திய பாதைகளுக்கு மலையில் பஞ்சமில்லை. நாடு 1947-ல் சுதந்திரம் பெற்றது. கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கம் முடிந்து அரசாங்க நிர்வாகம் முழுமையாக வந்ததோ 1976-ல்தான். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அம்மலை மக்களின் அடிப்படை வசதிகளைப் பற்றி விசாரணை எடுத்துக்கொண்டது. ரோடு எட்டாத குக்கிராமங்களிலிருந்து நோயாளிகளைத் தூளி கட்டித் தூக்கி வரும் நிலையும் அங்கே இருந்துவருகிறது. பள்ளிக்கூட வாசலில் வண்டி நிற்பதைப் பார்த்து, காய்ச்சல்காரக் குழந்தையை ஏந்திக்கொண்டு வரும் தாய்மார்களை என் மனைவி இரண்டு முறை வெள்ளிமலை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறாள். அந்த வண்டி வழியில் நிற்கக் கூடாது.

ஆகையால் புதுத் தட்டு வாங்கி மாட்டியாயிற்று. இரும்புக் கவசத்துக்கும் சொல்லியிருக்கிறது. எண்ணெய் மாற்றத் துவாரம் உள்ளதாகப் பார்த்து வாங்கச் சொல்லி மெக்கானிக்கே யோசனை சொன்னார். அறுவடை நாட்களில் மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு வளைந்த கம்பியால் அடியில் சிக்கிய தாளை இழுத்தெறிந்துவிட்டுத்தான் ஏறுகிறாள். எண்ணெய் மாற்றும் தினத்தன்று பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "பத்து இருக்கிறதா, தம்பி?" என்று கேட்டு, ஒவ்வொரு கிளிப்பும் மாட்டப்படும்வரை அவள் எழுந்திருப்பதில்லை.