அலுவிகாரை ஏடுகள்

நூல் என்றதும் இன்று நம் கண்முன் தோன்றுவது அச்சிட்ட தாளே. ஆயிரம் படிகளை ஒரே நாளில் ஆக்கித் தரும் பொறிகள் நம்மிடம் உண்டு. ஆதலின், ஒரு நூல் உலகினின்றும் அடியோடு மறைந்துவிடும் என்னும் அச்சம் நமக்கு எழுவதில்லை. அவ்வச்சத்தை நன்கு உணர்ந்தவர்கள் இலங்கையில் வாழ்ந்த பண்டைப் பௌத்தத் துறவியர்.

புத்தர் பெருமான் தம் அறவுரைகளை ஏட்டில் எழுதி வைத்தாரல்லர். கேட்ட மாணாக்கர் அவற்றை நெஞ்சிற் பதித்துக்கொண்டனர். அவர்கள் வாய்மொழியாகப் பின்வந்தோர் கற்றனர். விநயம், சூத்திரம், அபிதம்மம் என்னும் மூன்று பிடகங்களும் இவ்வாறு பல தலைமுறைகள் மனப்பாடமாகவே வாழ்ந்தன.

கி.மு. 1ஆம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் என்னும் மன்னன் காலத்தில், இலங்கையைப் போரும் பெரும்பஞ்சமும் வருத்தின. ஓதுவோர் பலர் மாண்டனர். மகாநித்தேசம் என்னும் நூலை அறிந்தவர் ஒரே ஒரு பிக்குவே எஞ்சினார் என்றும், அவர் ஒழுக்கத்திற் குறைந்தவராயினும், நூல் அழியலாகாது எனக் கருதி அவரிடம் கற்றனர் என்றும் பழைய உரை கூறும். ஒருவர் மூச்சு நின்றால் ஒரு நூலும் மாய்ந்துவிடும் நிலை! இதனை எண்ணிக் கவலையுற்ற துறவியர், மாத்தளைக்கு அண்மையிலுள்ள அலுவிகாரை என்னும் குகைப்பள்ளியிற் கூடித் திரிபிடகத்தை முதன்முதலாக ஏட்டில் எழுதினர் என்பது இலங்கை மரபு.

நான் அலுவிகாரைக்குச் சென்றிருந்தபோது, தமிழும் அறிந்த முதியவர் ஒருவர் ஏடு எழுதும் முறையை விளக்கினார். தாளிப்பனையின் விரியாத குருத்தோலையே இதற்கு ஏற்றது. ஈர்க்கை நீக்கி, ஓலையைச் சுருட்டி, நீரிலிட்டு நெடுநேரம் வேகவைப்பர். பின்னர் உலர்த்தி, வழுவழுப்பான கமுகமரத் துண்டின்மீது முன்னும் பின்னும் இழுத்து மெருகேற்றுவர். அளவாக நறுக்கித் துளையிட்டபின் எழுத்தாணியாற் கீறுவர். கீறிய எழுத்து அப்போது எளிதிற் புலப்படாது. கரித்தூளை எண்ணெயிற் குழைத்துப் பூசித் துடைத்தால், கீறலில் மட்டும் கருமை தங்கி எழுத்து விளங்கும். இறுதியில் ஏடுகளைக் கயிற்றிற் கோத்து, இருபுறமும் மரச்சட்டம் வைத்துக் கட்டுவர். அச்சட்டத்தை நாம் கம்பை என்கிறோம். சிங்களரும் ‘கம்ப’ என்றே வழங்குகின்றனர்.

“பிழை நேர்ந்தால் அழிக்க இயலுமா?” என்று வினவினேன். “கீறியது கீறியதுதான், ஐயா. அதனால் மனம் அடங்கிய பிறகே எழுத்தாணியைத் தொடுவோம்” என்றார் அவர்.

இவ்வளவு உழைத்து ஆக்கிய ஏடும் என்றும் நிலைப்பதன்று. பூச்சி அரிக்கும்; ஈரம் சிதைக்கும். பழைய ஏடு மாயுமுன் புதிய ஏட்டில் படியெடுத்தல் வேண்டும். திரிபிடகத்தின் ஓர் எழுத்தை எழுதுவது புத்தர் திருவுருவம் ஒன்றைச் சமைப்பதற்கு ஒப்பாகும் என்று தேரவாதப் பௌத்தர் நம்பினர். அந்நம்பிக்கையால் படியெடுத்தலே வழிபாடாயிற்று. ஏடுகள் பர்மாவிலும் சயாமிலும் பெருகின. 1848இல் மாத்தளையில் எழுந்த கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அலுவிகாரையின் ஏட்டுச்செல்வம் அழிந்தது. ஆயினும் திரிபிடகம் அழியவில்லை. அது பல இடங்களிற் பலர் கையில் இருந்தது.

நம் தமிழிலும் இதற்குச் சான்று உண்டு. குண்டலகேசி என்னும் பௌத்தக் காப்பியம் சில பாடல்களே எஞ்ச மறைந்தது. மணிமேகலையோ, ஏடு காத்தோர் இருந்தமையால், 1898இல் உ. வே. சாமிநாதையரின் பதிப்பாக வெளிவந்தது.

மாணவர்களே, நாம் இன்று படிக்கும் பழைய நூல் ஒவ்வொன்றின் பின்னும், பெயர் தெரியாத எத்தனையோ கைகளின் உழைப்பு இருக்கிறது. அவர்கள் தமக்கென்று மட்டும் எழுதினாரல்லர். தாம் காணாத பின்னோர்க்காக எழுதினர். கற்றதைப் பிறர்க்குக் கற்பிப்பதே அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.